இடது கைக்கு ஒரு பெல்ட்

வேலவன் துணை

ஆரணி,
கார்த்திகை 22, திங்கட்கிழமை.

காவ்யா அப்பா அவர்களுக்குப் பூங்காவனம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் காவ்யாவும் நலம். உங்கள் நலனுக்குத் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் வீட்டுப் பின்கட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், காவ்யா, பின்தெரு முனியம்மா அக்கா, எதிர்வீட்டுத் தணிகாசலம் அண்ணன். வேறு யாரும் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது, பின்கதவு திறந்திருந்தது.

நான்காவது பெயரைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைக்கத் தோன்றும். மடிக்க வேண்டாம். அவர் சண்டைக்கு வரவில்லை. சமாதானம் பேசவும் வரவில்லை. சத்தம் தாங்காமல் வந்தார். என்ன சத்தம் என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அதற்கு முன், உங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்க்கும் சிறை அலுவலர் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இதில் கத்தி, உளி, சுத்தியல் என்று நிறைய வரும். எல்லாம் பெல்ட் சமாச்சாரம்தான். தயவுசெய்து எதையும் மையால் அடித்துவிட வேண்டாம். அடித்தால் இவருக்கு என் கேள்வி விளங்காது.

ஐப்பசியில் நீங்கள் எழுதிய கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. மாசியில் விடுதலை என்றும், மூன்று வருடத்தில் விரல்களுக்குப் பட்டு நெசவு மறந்துபோய்விட்டது என்றும், இப்போது தெரிந்தது தோல் வேலை மட்டும்தான், ஆரணியில் தோல் வேலை கிடையாது, ஆகவே அங்கிருந்து நேராக ஆம்பூருக்குப் போய்விடுவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவரை மனு போட்டுப் பார்க்கவும் வரவேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். போன் பேசக் கொடுக்கும் நாளிலும் உங்கள் குரல் வரவில்லை. நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீங்கள் எழுதாத இன்னொரு காரணமும் எனக்குத் தெரியும். நம் வாசலில் நின்றால் எதிரே தணிகாசலம் அண்ணன் வாசல். தெருவில் தறிக்குப் பாவு நூல் விரிக்க அன்று யார் முறை என்று தொடங்கிய வாய்ச்சண்டை, உங்கள் கையில் இருந்த கட்டை அவர் மணிக்கட்டில் இறங்கியதில் போய் முடிந்தது. அந்தக் கையைத் தினமும் பார்த்துக்கொண்டு எப்படி நடமாடுவது என்பதுதான் உங்கள் ஆம்பூர். நான் சொல்வது தவறாக இருந்தால் எழுதுங்கள்.

ஆரணியில் தோல் வேலை இல்லை என்ற வரியை மட்டும் பலமுறை படித்தேன். இருந்தால் என்ன என்று தோன்றியது.

அந்த வாரமே காவ்யாவின் பள்ளிக்கூட பெல்ட் பக்கிள் பக்கம் கிழிந்தது. பட்டையை மடிக்கும் இடத்தில் பக்கிளின் முள் வெளியே வருவதற்கு ஓர் அங்குலத்துக்கு நீளமாக ஒரு துளை இருக்கிறதே, அந்த இடம். ஒரு ஓட்டைதானே, நாமே போடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நீங்கள் அங்கே ஒரு நாளைக்கு இருநூறு பெல்ட்டுக்கு இந்தத் துளை வெட்டுவதாகப் போன வருடம் எழுதியிருந்தீர்கள். எந்தக் கருவியால் வெட்டுகிறீர்கள் என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

காவ்யா பெல்ட் ஒருவழியாக ஆனதும் வேலூரிலிருந்து தோல் பட்டை வாங்கி வந்து ஐந்து பெல்ட் செய்தேன். கண்ணமங்கலத்தில் துணிக்கடை வைத்திருக்கும் என் சித்தி மகன் சரவணனிடம் கொடுத்தேன். பொங்கலுக்குள் பன்னிரண்டு வேண்டும் என்று சொன்னவன் அடுத்த வாரம் மூன்றைத் திருப்பிக் கொண்டுவந்தான். "அக்கா, பட்டை நல்லாருக்குது, தையலும் நல்லாருக்குது. முள்ளு வர்ற எடத்துல வாயப் பொளந்துகினு நிக்குது. இத வித்தா நான் கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்" என்றான். அவன் சொன்னது நியாயம். இன்னொரு முறை இப்படி வந்தால் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். அதனால் பட்டைத் துண்டுகளில் துளை மட்டும் வெட்டிப் பழக ஆரம்பித்தேன். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் துளைக்கு ஒரு வரி எழுதுகிறேன். எந்தக் கருவியால் வெட்டியது, எதன் மேல் வைத்து, இழுத்துப் பார்த்தால் என்ன ஆனது. நேற்று வரை பத்தொன்பது.

முதல் நான்கு, செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் கத்தியால் வெட்டியவை. நான்கு மூலையும் சதுரமாக, பார்க்க லட்சணமாக இருந்தன. புடவையில் கட்டம் போட்டுப் பழகிய வீட்டில் மூலை சதுரமாக இருந்தால்தான் கண் நிறைகிறது. ஆனால் தோலில் அந்த மூலையில்தான் கிழிசல் ஆரம்பிக்கிறது. சரவணன் கொண்டுவந்த மூன்றிலும் அதே இடம். பிறகு தச்சர் உளியால் இரண்டு. பக்கங்கள் நேராக வந்தன, மூலை பழையபடி சதுரம், பழையபடி கிழிசல்.

பிறகு இரண்டு முனையிலும் உருண்டைத் துளை போட்டு, நடுவில் கத்தியால் வெட்டி இரண்டையும் சேர்த்தேன். இதில் மூலையே இல்லை. காவ்யா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இழுத்தும் கிழியவில்லை. அன்றைக்கு மனதுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா. ஆனால் கத்தி ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் போகிறது. சில சமயம் முனைத் துளையைத் தாண்டி ஒரு மயிரளவு வெட்டிவிடுகிறது. அந்த மயிரளவே புது மூலையாகிவிடுகிறது. ஏழு வெட்டியதில் இரண்டுதான் மனதுக்குப் பிடித்தன. அவற்றில் ஒன்று பதினோராவது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், மறந்துவிட வேண்டாம்.

மறுபடி வேலூர் கடைக்குப் போனபோதுதான் நீளத் துளையை ஒரே அடியில் வெட்டும் பஞ்ச் உளி இருப்பது தெரிந்தது. கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்று கால் அங்குல அகலம், இருநூறு ரூபாய்க்குள். இன்னொன்று அதைவிட ஒடுக்கமானது, அறுநூற்றைம்பது. இரண்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு ஒடுக்கமாக ஒன்று, அதற்கு ஏன் அதிக விலை என்று கேட்டேன். "ஜல்தியா சொல்லும்மா, கடையில ஆளு நிக்குது" என்றார். விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்து இரும்புச் சுத்தியலால் ஒரு துளைக்குப் பத்து இருபது அடி அடித்தேன். இதுதான் மூன்று நாள் சத்தம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தோலைத் தறி இருக்கும் அறைக்குள் கொண்டுபோவதில்லை. பின்கட்டோடு சரி. வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன். முதல் வாரம் மனம் கூசியது. பிறகு கோயில் மேளத்தில் இருப்பதும் தோல்தானே, சுவாமிக்கு முன்னால்தானே அடிக்கிறார்கள் என்று தோன்றியது. இதைக் குருக்களிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.

நேற்று முனியம்மா அக்காவுக்கு விடுமுறை. அவர் செய்யாரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர் என்பதால் ஏதாவது தெரியும் என்று கூப்பிட்டிருந்தேன். "எங்க கம்பெனில மெஷினு ஒரே அமுக்கு அமுக்குது, துளை வந்துடுது. கையால வெட்டறத நான் கண்ணால பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டு அந்தப் பஞ்ச் உளியைப் பிடித்துக்கொண்டார். நான் அடித்துக்கொண்டிருந்தேன். பின்கதவில் நிழல் விழுந்தது.

மூன்று வருடம் கழித்துத் தணிகாசலம் அண்ணன் எங்களோடு பேசிய முதல் பேச்சு இது: "இன்னாம்மா பூங்காவனம், மூணு நாளா டொக்கு டொக்குனு. தறி சத்தத்துல தூங்கிடுவேன் நான். இது மண்டையில ஆணி அடிச்சிகினு இருக்கிற மாதிரி இருக்குது."

எனக்குச் சுத்தியல் கையிலேயே நின்றுவிட்டது. காவ்யா உள்ளே போய்விட்டாள். முனியம்மா அக்காதான், "அதான் வந்துட்டீங்களே, உள்ள வாங்க. தோலு கடிக்காது" என்றார். அண்ணன் பின்வாசற்படி தாண்டவில்லை. அங்கிருந்தே கல்லைப் பார்த்தார். பஞ்சை வாங்கிப் பார்த்தார், இடது கையால். "கல்லு மேல வெச்சா அடிக்கிறே? முனை என்னாத்துக்கு ஆவும்" என்று கேட்டார். பார்த்தால் முனை இரண்டு இடத்தில் மடிந்திருந்தது. முதல் துளையின் நாலாவது அடியிலேயே மடிந்திருக்க வேண்டும். பதினான்காவது துளை ஓரம் ஏன் நசுங்கி வந்தது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக்குப் போய் ஒரு பழைய மரக்கட்டையைக் கொண்டுவந்து போட்டார். தச்சர் வைத்திருக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியையும் கொண்டுவந்தார். முனையைத் தேய்த்துக் கொடுத்ததும் அவர்தான். கட்டையைப் போட வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பட்டையைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியை நீங்களும் முதல்நாள் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "இதுல பாவு எது, ஊடை எது?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, வெளியே கேட்க வெட்கமாக இருந்தது. நீளவாக்கில் இழுத்தால் கொஞ்சம்தான் கொடுக்கிறது, அகலவாக்கில் அதிகம் கொடுக்கிறது. எந்தப் பக்கமும் நூல் இல்லை. அவர் ஒரு துண்டை எடுத்து ஒரு முனையை இடது கையில் பிடித்து, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். வாயில் வைக்காதீர்கள் அண்ணே என்று நான் பதறினேன். "ஏன், மாடு கோவிச்சிக்குமா" என்றார். முனியம்மா அக்கா சிரித்ததில் காவ்யா வெளியே வந்தாள்.

அவர் ஏன் பல்லால் கடித்தார் என்பதையும் எழுதிவிடுகிறேன். வலது கை மூடுவதில்லை. விரல்கள் பாதி வரைக்கும் மடங்கி நின்றுவிடுகின்றன. தறியில் அண்ணிதான் உட்காருகிறார். இவர் இடது கையால் நூல் சுற்றிக் கொடுக்கிறார். உங்களுக்கு வலிக்கட்டும் என்று எழுதவில்லை. நீங்கள் மனதுக்குள் அதைவிடக் கொடுமையாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இருப்பதைச் சொன்னால் கொஞ்சம் குறையும்.

பிறகு அவர், துணியென்றால் இழுத்துக் கட்டாமல் வெட்டவே கூடாது, இதற்கும் அதேதான் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பட்டையின் ஒரு முனையை முருங்கை மரத்தில் கட்டி, மறுமுனையைக் காவ்யாவும் அவரும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். "பாப்பா, கால ஊனு, ஊனு" என்கிறார் அவர். முனியம்மா அக்கா பஞ்சைப் பிடித்தார், நான் கொட்டாப்புளியால் ஒரே அடி. சுத்தமாக வெட்டி வந்தது. அவ்வளவு அழகான துளையை நான் அதுவரை வெட்டவில்லை. பட்டையை விட்டதும் துளையின் நீளம் ஒரு நெல்லின் பருமன் அளவு குறைந்துவிட்டது. பக்கிளைப் போட்டால் முள் திரும்ப இடமில்லை. அவர் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "துணி புத்தியத் தோலுகிட்ட காட்டுனா அது இன்னா பண்ணும்" என்றார் முனியம்மா அக்கா. "நீ கம்பெனி பஸ்ஸுல போயி எட்டு வருஷமா இன்னாத்த கத்துகினே?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நோட்டில் இது பதினெட்டு. அடுத்ததைப் பட்டையைச் சும்மா கிடத்தி, அதே கட்டையில் வைத்து அடித்தோம். ஓரம் நசுங்கவில்லை, அளவும் மாறவில்லை. இழுத்துப் பார்த்தோம், கிழியவில்லை. அது பத்தொன்பது.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது தணிகாசலம் அண்ணன் என் நோட்டைப் பார்த்தபடி சொன்னார். "அவன் அங்க இந்த வேலைதானே செய்றான். அவனக் கேக்காம ஊரெல்லாம் கேட்டுகினு இருக்கிறியே."

 நோட்டை மூடிவிட்டு, கேட்டு எழுதுகிறேன் அண்ணே என்றேன். அவர் எழுந்தார். பின்வாசற்படியில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டேதான் மிச்சத்தைச் சொன்னார். வேட்டிக்கு மேல் அவர் பச்சை பெல்ட் போடுவது வழக்கம் அல்லவா. ஒரு கையால் அதை மாட்ட முடிவதில்லை. தினமும் காலையில் அண்ணி மாட்டிவிடுகிறார். "சின்னப் புள்ளைக்கு அரணாக்கொடி கட்டற மாதிரி கட்டி விடறா. பேஜாரா இருக்குது. எடது கையால மாட்டிக்கிற மாதிரி ஒண்ணு செய்ய முடியுமான்னு அவனக் கேளு. காசு குடுத்துடறேன், சும்மா வேணாம்" என்றார். இரண்டு எட்டு போனவர் திரும்பி வந்து, "அவங்கிட்ட பேசுவேன்னு நான் சொல்லல. அதையும் சேர்த்து எழுதிடு" என்றார். சொன்னபடி எழுதிவிட்டேன்.

மத்தியானம் சமையல் ஆனதும் என் வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு பழகிய துண்டுகளில் பக்கிளைக் கோத்து, ஒவ்வொன்றையும் பழைய பட்டையோடு சேர்த்து இடது கையால் மாட்டிப் பார்த்தேன். காவ்யா, "இன்னாம்மா ஆச்சு ஒனக்கு" என்று கேட்டுவிட்டு, மாட்டவேண்டியதை அவளே எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அப்போதுதான் பதினோராவது துளையின் விஷயம் தெரிந்தது. பஞ்சால் வெட்டிய துளை கால் அங்குல அகலம். முள் அதில் பாதிதான் இருக்கும். அதனால் முள் இடமும் வலமும் சாய்கிறது. இரண்டு கை இருந்தால் ஒன்றால் முள்ளை நிமிர்த்தி மற்றதால் பட்டையை மாட்டிவிடுகிறோம், அது நமக்குத் தெரிவதுகூட இல்லை. ஒரே கை என்றால் பட்டையைக் கொண்டுபோவதற்குள் முள் சாய்ந்துவிடுகிறது. ஆறு முறை முயன்று ஒரு முறைதான் மாட்டினேன். பதினோராவது, இரண்டு உருண்டைத் துளையும் கத்தியும் போட்டு வெட்டியது, ஒடுக்கமானது. அதில் முள் நேராக நிற்கிறது. ஆறில் நான்கு முறை மாட்டினேன். பக்கிளை வலது பக்க இடுப்பில் வைத்து முழங்கையால் அழுத்திக்கொண்டால் இன்னும் சுலபம். அவரால் முழங்கையை அழுத்த முடியும்.

அந்தக் கடைக்காரர் சொல்லாத பதில் இப்போது தெரிந்துவிட்டது, ஒடுக்கமான பஞ்ச் எதற்கு என்று. ஆனால் எவ்வளவு ஒடுக்கம் என்பது தெரியவில்லை. முள்ளின் பருமனுக்கும் துளையின் அகலத்துக்கும் நடுவில் எவ்வளவு விட வேண்டும்? ரொம்ப இறுக்கினால் முள் மடங்காமல் பட்டையைத் தூக்குகிறது. மடிப்பில் தோல் தடிமனாக இருந்தால் நீளத்தைக் கூட்ட வேண்டுமா? நீங்கள் அங்கே ஒரே அடியில் வெட்டுகிறீர்களா, இரண்டு துளை போட்டுக் கத்தியால் சேர்க்கிறீர்களா? கத்தி என்றால் முனைத் துளையைத் தாண்டாமல் எப்படி நிறுத்துகிறீர்கள்? அடியில் என்ன போடுகிறீர்கள், மரமா, ரப்பரா? சரவணனின் பன்னிரண்டுக்கு இப்போதுள்ள பஞ்சும் மரக்கட்டையும் போதும் என்று நினைக்கிறேன். அறுநூற்றைம்பது கொடுத்து ஒடுக்கமானதை வாங்குவதா, கத்தியிலேயே கையைப் பழக்குவதா என்பது உங்கள் வார்த்தைப்படி.

காவ்யா அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கிறாள். கணக்கில்தான் பயம் என்கிறாள். உங்களுக்குத் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். அங்கே குளிருக்குப் போர்வை போதுமா? நேற்றுக் குருக்களிடம் உங்கள் பெயருக்கு அர்ச்சனை சொல்லியிருந்தேன். பிரசாதம் அனுப்ப முடியாது என்பதால் விபூதியைக் கடிதத்தின் மடிப்பில் வைத்திருக்கிறேன். ஐயா உதறிவிட்டாலும் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்.

தணிகாசலம் அண்ணனின் இடுப்பளவை முனியம்மா அக்கா நூலால் அளந்து கொடுத்தார். அவருக்கான பட்டையை வெட்டித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஓரம் சீவியாகிவிட்டது, ஓரத் தையல் போட்டாகிவிட்டது. துளை மட்டும் வெட்டவில்லை. மற்ற பன்னிரண்டுக்கும் நானே வெட்டுவேன், அவருடையதில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன். இன்று காலை தண்ணீர் பிடிக்கப் போனபோது, எழுதிட்டியா என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். மாசியில் வந்து நீங்களே வெட்டுவதாக எழுதினால் அதை அப்படியே போய்ச் சொல்வேன். ஆம்பூர்தான் என்று எழுதினாலும் எதிர்வாசலுக்குப் போய் நான்தான் சொல்ல வேண்டும். அவர் தினமும் கேட்பார் போலிருக்கிறது.

கந்தன் உங்கள் இரண்டு கைகளையும் காத்து வைக்கட்டும்.

என்றும் உங்கள் வீட்டில் இருக்கும்,
பூங்காவனம்.

பி.கு: பதில் எழுதுவதற்கான தாளும் தபால் தலையும் உள்ளே வைத்திருக்கிறேன். எது எழுதினாலும் சீக்கிரம் எழுதுங்கள்.